அரசாங்க விளக்கு

டிப்ளமோ கையில் வந்ததும் நம்மில் ஒருவர் ஸ்டோர் சாவி வைத்திருப்பார். ஒருவர் சைட்டில் சிமெண்ட் மூட்டை எண்ணுவார். இன்னொருவர் பில்லில் கையெழுத்துப் போடுவார். கொஞ்சம்தானே, யாருக்குத் தெரியப்போவுது என்று மனசு சொல்லும் நாள் எல்லோருக்கும் வரும். அந்த நாளுக்காக ஒரு மனிதரை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்வோம். அவர்தான் கலீபா உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்).

இவர் கதை பாட்டியிடமிருந்தே தொடங்குது. கலீபா உமர் (ரலி) ஓர் இரவு மதீனா தெருவில் நடந்து போகையில், பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாயிடம், கலீபா பார்க்காவிட்டாலும் இறைவன் பார்க்கிறானே என்று மறுத்த மகளின் குரல் காதில் விழுந்ததாம். அந்த ஏழைப் பெண்ணைத் தன் மகன் ஆஸிமுக்கு மணமுடித்தார். அவளுடைய மகள் வயிற்றுப் பேரன்தான் நம் உமர்.

ஆனால் உமர் இளமையில் எளிமையாக வாழ்ந்தவர் அல்ல. உமையா அரச குடும்பம். விலை உயர்ந்த ஆடை, வாசனைத் திரவியம் என்று வாழ்ந்தவர். 706 முதல் 712 வரை மதீனாவின் ஆளுநர். 717-இல் கலீபா பதவி தேடி வந்தது. அன்றோடு ஆளே மாறிப் போனார்!

அரச குதிரைகளை விற்றுப் பணத்தைப் பொதுக் கருவூலமான பைத்துல்மாலில் சேர்க்கச் சொன்னார். குடும்பத்தார் முறையின்றிச் சேர்த்த நிலங்களைத் திருப்பினார். தன் நிலங்களிலிருந்தே ஆரம்பித்தார். மனைவி ஃபாத்திமா ஒரு கலீபாவின் மகள். அவருடைய நகைகளும் கருவூலத்துக்குப் போயின.

இரவில் அரசாங்க வேலை பார்க்கும்போது அரசாங்க விளக்கு எரியும். பேச்சு சொந்த விஷயத்துக்குத் திரும்பினால் அதை அணைத்துவிட்டுத் தன் வீட்டு விளக்கை ஏற்றுவார். பொது அடுப்பில் தனக்கு வெந்நீர் வைத்தார்கள் என்று தெரிந்ததும் விறகுக்குக் காசு கொடுத்துவிட்டார். அன்பளிப்பாக வந்த ஆப்பிளைக்கூடத் திருப்பி அனுப்பினார். நபிகளாருக்கு வந்தது அன்பளிப்பு, பதவியில் இருக்கிறவனுக்கு வந்தால் அது லஞ்சம் என்பது அவர் கணக்கு. நாம் அந்த நாற்காலியில் இல்லாவிட்டால் அந்தப் பொருள் நம்ம வீடு தேடி வருமா? யோசித்துப் பாருங்கள்.

வெறும் கண்டிப்பு மட்டும் இல்லை. ஆளுநர்கள் வியாபாரம் செய்யக்கூடாது என்று தடுத்தவர், அவர்களுக்கு நிறைவான சம்பளமும் கொடுத்தார். வயிறு நிறைந்தால்தான் கை சுத்தமாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். தனக்கு மட்டும் குறைத்துக்கொண்டார்.

ஆட்சி இரண்டரை ஆண்டுகூட நீடிக்கவில்லை. 720-இல் நாற்பது வயது நிறைவதற்குள் சிரியாவில் காலமானார். நோயில் கிடந்தபோது, அழுக்குச் சட்டையை மாற்றக்கூடாதா என்று ஃபாத்திமாவின் சகோதரர் மஸ்லமா கோபித்தாராம். மாற்ற வேறு சட்டை இல்லை என்றார் ஃபாத்திமா.

நண்பர்களே! ஹலால் சம்பாத்தியம் என்றால் திருடாமல் இருப்பது மட்டும் இல்லை. சம்பளம் வாங்கும் எட்டு மணி நேரமும், கம்பெனியின் பேப்பரும் போனும்கூட அமானிதம்தான். நாளை வேலைக்குப் போகும்போது, எரிவது யார் வீட்டு விளக்கு என்று ஒரு நிமிஷம் கேட்டுக்கொள்வோமா?