பொற்சிலையும் மறைசாட்சியும்: புனித ஃபுவாவின் வரலாறு

பிரான்சின் தென்மேற்கிலுள்ள ஆஜான் நகரில், உரோமப் பேரரசன் தியோக்கிலேசியன் காலத்துத் துன்புறுத்தலில், ஏறத்தாழக் கி.பி. 303இல் கொல்லப்பட்டவராகப் புனித ஃபுவாவை மரபு குறிக்கிறது. இலத்தீனில் அவர் பெயர் ஃபிதெஸ். விசுவாசம் என்பது பொருள். அகவை 12 என்பர். தெய்வங்களுக்குப் பலியிட மறுத்த சிறுமியை வெண்கலக் கட்டிலில் கிடத்திச் சுட்டுப் பின் தலையை வெட்டினர் எனப் பிற்கால வரலாறு கூறுகிறது. ஆயர் துல்சிடியுஸ் 5ஆம் நூற்றாண்டில் அவருக்குக் கோயில் எடுத்தார். இவ்வளவே அவர் வாழ்வு.

இறப்புக்குப் பின்னரே அவர் வரலாறு விரிகிறது. ஏறத்தாழ 866இல் கோங்க் மடத்துத் துறவி ஒருவர் ஆஜானில் பல்லாண்டு தங்கி, நம்பிக்கையைப் பெற்று, எலும்புகளைக் கவர்ந்து சென்றார். மடத்தார் இதனைக் களவாகக் கருதவில்லை; புனிதரே இடம்பெயர விரும்பினார் என்றனர்.

அவ்வெச்சங்களுக்கு உறைவிடமாக 9, 10ஆம் நூற்றாண்டுகளில் உருவானதே கோங்க் சிலை. உயரம் 85 செ.மீ. மர உடலைப் பொன்தகடு போர்த்தியுள்ளது. தலையோ சிறுமியுடையதன்று, பிற்கால உரோமச் சிற்பமொன்றின் பொன்முகம். விரிந்த விழிகள் எதிரே நோக்க, முடிசூடி அரியணையில் அமர்ந்திருக்கிறார். பழைய செதுக்குமணிகளும் காணிக்கை நகைகளும் மேனியெங்கும் பதிந்துள்ளன. கொன்ற பேரரசின் முகமே கொலையுண்டவளுக்கு முகமாயிற்று என்பது எண்ணத்தக்கது.

1013இல் அங்குச் சென்ற ஆஞ்சேர் நகரப் பெர்னார், வழியில் ஓரியாக்கில் கண்ட புனித ஜெரால்டின் சிலையைச் சூபிட்டர், மார்சு படிமங்களோடு ஒப்பிட்டு நகைத்தவர். இச்சிலையையும் முதலில் இகழ்ந்தார். மக்கள் கூறிய அற்புதங்களைக் கேட்டபின் கருத்து மாறினார்: பலி ஏற்கும் படிமமன்று, மறைசாட்சியை நினைவூட்டுவது என வாதிட்டார். எனினும் அவர் தொகுத்த அற்புத நூலே அவ்வாதத்தை முழுமையாக ஏற்க இடந்தரவில்லை. அங்கு ஃபுவா கனவில் தோன்றிச் சீமாட்டி அர்சிந்தையிடம் பொற்காப்புகளைக் கேட்டுப் பெறுகிறார். தம் சிலையைப் பழித்தவரைத் தண்டிக்கிறார். நினைவுச்சின்னம் நகை கேட்பதில்லை. கற்றோர் கொள்கையும் மக்கள் வழக்கும் ஒரே நூலுள் முரணி நிற்பதே அந்நூலின் மதிப்பு.

சிறைப்பட்டோரை விடுவிப்பவராகவும் அவர் போற்றப்பட்டார். 12ஆம் நூற்றாண்டுக் கோயில் வாயிலின் இறுதித் தீர்ப்புச் சிற்பத்தில் அவர் அரியணையில் அமர்ந்திருக்கவில்லை. இறைவனின் கைமுன் அவர் பணிந்து கிடக்கிறார், அருகே விடுதலையுற்றோரின் விலங்குகள் தொங்குகின்றன.