ஐம்பது மில்லிமீட்டரில் ஓர் உலகம்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை என்றதும் நம்மில் பலர் விஸ்வேசுவரய்யாவையோ எடிசனையோ எடுத்துக்கொள்வது வழக்கம். நான் ஒரு போட்டோகிராபரை எடுத்துக்கொண்டேன். சும்மா ஒரு மாறுதலுக்காக அல்ல. கருவியும் அளவுமாகப் படிக்கிற நமக்கு இவருடைய வாழ்க்கையில் ஒரு பாடம் இருக்கிறது. உலகத்தையே சுற்றி வந்த இந்த மனிதர், வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரே அளவு லென்ஸை வைத்துக்கொண்டே ஓட்டிவிட்டார். அதுவும் கோட்டுப் பைக்குள் அடங்குகிற கேமரா. அந்தக் கேமராவோடு நம்ம திருவண்ணாமலைக்கும் வந்து போயிருக்கிறார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன். 1908 ஆகஸ்ட் 22-ஆம் தேதி பிரான்சில் பிறந்தவர். அப்பாவுக்கு நூல் உற்பத்தித் தொழில், வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. ஆனால் பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. பள்ளி இறுதித் தேர்வை மூன்று முறை எழுதியும் தேறவில்லையாம்! அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் ஆறுதல் அடையலாம். பிறகு ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் படம் வரையக் கற்றுக்கொண்டார். ஒரு சட்டத்துக்குள் கோடும் வடிவமும் எப்படி உட்கார வேண்டும் என்ற கணக்கு அங்கேதான் அவருக்குப் பிடிபட்டது.

பிறகு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட்டுக்குப் போனார். வேட்டையாடிப் பிழைத்தார். அங்கே கடுங்காய்ச்சல் வந்து சாவின் வாசல் வரை போய்த் திரும்பினார். ஊருக்கு வந்து உடம்பு தேறிய காலத்தில், ஆப்பிரிக்கச் சிறுவர்கள் மூன்று பேர் அலையை நோக்கி ஓடுகிற ஒரு படத்தைப் பத்திரிகையில் பார்த்தார். எடுத்தவர் மார்ட்டின் முங்காச்சி. ஓடுகிற கணத்தை இப்படிப் பிடித்து வைக்க முடியுமா என்று அசந்து போனவர், 1932-ல் மார்செய் நகரில் ஒரு லைக்கா கேமரா வாங்கினார். அதன் பளபளக்கிற பாகங்களைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்துவிட்டார். எதிரில் இருப்பவர் கண்ணில் கேமரா படக்கூடாது, அவ்வளவுதான்.

சரி, அது என்ன கேமரா, என்ன லென்ஸ்? இங்கே கொஞ்சம் நம்ம பாடத்துக்குள் போவோம்.

லைக்காவை உருவாக்கிய ஆஸ்கர் பர்னாக் பட்டம் பெற்ற விஞ்ஞானி அல்லர். பட்டறையில் தொழில் பழகி மேலே வந்த மெக்கானிக். ஆஸ்துமா நோயாளி. கனமான கேமராவையும் கண்ணாடித் தட்டுகளையும் தூக்கிக்கொண்டு மலையேற முடியாதவர், சினிமா பிலிமைக் கொண்டு கைக்கடக்கமான ஒரு கேமரா செய்தார். 1925-ல் அது விற்பனைக்கு வந்தது. அதற்கு லென்ஸ் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் மாக்ஸ் பெரெக். அவருடைய எல்மார் என்ற 50 மி.மீ. லென்ஸில் நான்கே கண்ணாடிகள், மூன்று தொகுதிகள். வெளிச்சம் வாங்கும் அளவு எஃப் 3.5. குழாயை வெளியே இழுத்து ஒரு திருகு திருகினால் பூட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் உள்ளே தள்ளிவிடலாம்.

ஏன் 50? படத்தின் அளவு 24-க்கு 36 மி.மீ. பைதகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள்... மூலைவிட்டம் சுமார் 43 மி.மீ. வரும். குவியத் தூரம் இந்த மூலைவிட்டத்தை ஒட்டி இருந்தால் படம் இயல்பாகத் தெரியும். முகம் உப்பாது, தூரமும் சுருங்காது. அதனால்தான் 50-க்கு ஸ்டாண்டர்டு லென்ஸ் என்று பெயர்.

சின்னதாக ஏன் இருக்க வேண்டும்? ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் லென்ஸ் வழியாக நாம் பார்ப்பதில்லை. மேலே தனியாக இருக்கும் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம். இரண்டு பிம்பங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தினால் ஃபோகஸ் சரியாகிவிடும். உள்ளே ஏறி இறங்கும் கண்ணாடி கிடையாது, அதனால் சத்தமும் குறைவு. ஆனால் லென்ஸ் பெருத்துப் போனால் ஜன்னலின் ஒரு மூலையை மறைத்துவிடும். மடங்குகிற லென்ஸில் இன்னொரு எச்சரிக்கை: வெளியே இழுக்க மறந்துவிட்டால் ஜன்னலில் எந்த வித்தியாசமும் தெரியாது, பிலிம் முழுக்க மங்கல்தான் மிஞ்சும்!

மறுபடி நம்ம ஆளிடம் வருவோம். 1937-ல் லண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டு விழா. எல்லா கேமராவும் மன்னர் பக்கம் திரும்பியது. இவர் மன்னரை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்த ஜனங்களைப் படம் எடுத்தார். 1940-ல் ஜெர்மானியரிடம் போர்க் கைதியாகச் சிக்கினார். பிடிபடுவதற்கு முன் தன் லைக்காவை மண்ணில் புதைத்து வைத்தார். இரண்டு முறை தப்பி ஓடி மாட்டிக்கொண்டு, மூன்றாம் முறை 1943-ல் தப்பினார். புதைத்த கேமராவைத் தோண்டி எடுத்து மீண்டும் வேலையைத் தொடங்கினார்! போரில் இறந்துவிட்டார் என்று நினைத்து நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நினைவுக் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்தது. 1947-ல் அந்தக் கண்காட்சிக்கு அவரே உயிரோடு போய் நின்றார். அதே ஆண்டு நண்பர்களோடு சேர்ந்து மேக்னம் என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார். எடுத்த படத்தின் உரிமை எடுத்தவனுக்கே என்பது அதன் கொள்கை.

அங்கிருந்து நேராக இந்தியா. 1948 ஜனவரி 30 அன்று டில்லி பிர்லா மாளிகையில் காந்தியடிகளைச் சந்தித்துத் தன் கண்காட்சிப் புத்தகத்தைக் காட்டினார். விடைபெற்று வந்த சிறிது நேரத்தில் அண்ணல் சுடப்பட்டார். ஓடி வந்தார். வாசல் கேட்டின் மேல் ஏறி நின்று நேரு செய்தி சொல்லுகிற படம் அன்றிரவு அவர் எடுத்ததுதான். ஃபிளாஷ் இல்லை, கிடைத்த விளக்கு வெளிச்சம் மட்டும். படம் கலங்கலாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரவே கலங்கலான இரவு அல்லவா!

1950 ஏப்ரலில் திருவண்ணாமலை வந்தார். ரமண மகரிஷி கையில் வந்த புற்றுக்கட்டியால் கடைசி நாட்களில் இருந்தார். ஆசிரமத்தில் கூட்டம், கண்ணீர். இந்த இடத்தில்தான் சின்ன லென்ஸின் பெருமையை நான் உணர்கிறேன். உயிர் பிரியப் போகிற ஒருவர் முன்னால் பெரிய ஃபிளாஷும் சத்தம் போடுகிற பெட்டியுமாகப் போய் நிற்க முடியுமா? எடுக்கலாமா கூடாதா என்பதே பெரிய கேள்வி. எடுப்பதாக இருந்தால் ஓரமாக நின்று, யாரையும் தொந்தரவு செய்யாமல் எடுக்க வேண்டும். அவர் அப்படித்தான் எடுத்தார். ஏப்ரல் 14 இரவு வானத்தில் ஓர் ஒளி மலையை நோக்கிப் போவதைக் கண்டு மணியைப் பார்த்தார், 8.47. மகரிஷி மறைந்த நேரமும் அதுதான். அதே மாதம் புதுச்சேரியில் தனிமையில் இருந்த அரவிந்தரைப் படம் எடுத்தார். அந்த டிசம்பரில் அரவிந்தரும் மறைந்தார்.

இதெல்லாம் சரி, நமக்கு என்ன பயன் என்று கேட்கிறீர்களா? என் மாமா ஒரு பழைய சோவியத் ஜோர்க்கி-4 கேமராவை என்னிடம் கொடுத்தார். லைக்கா வழியில் வந்த ரேஞ்ச்ஃபைண்டர்தான், ஆனால் லென்ஸ் இல்லை. கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் வாங்கலாம். இண்டஸ்டார்-50 வாங்குவதா, ஜூப்பிட்டர்-8 வாங்குவதா? இரண்டும் 50 மி.மீ. இண்டஸ்டாரில் நான்கு கண்ணாடி, எஃப் 3.5, சப்பையாக இருக்கும். ஜூப்பிட்டரில் ஆறு கண்ணாடி, எஃப் 2, சுமார் மூன்று மடங்கு வெளிச்சம் வாங்கும். சாயங்காலம் வீட்டுக்குள் படம் எடுக்கிறவருக்கு ஜூப்பிட்டர்தான் சரி. நான் எடுக்க நினைப்பது குடவாசல் சுற்று வட்டாரத்தில் நடவு, அறுப்பு, திருவாரூர் ஆழித்தேர். எல்லாம் பகல் வெளிச்சம். எஃப் 8-ல் வைத்து 4 மீட்டரில் ஃபோகஸ் பூட்டிவிட்டால், கணக்குப்படி சுமார் 3 மீட்டரிலிருந்து 6.5 மீட்டர் வரை தெளிவாக விழும். வடம் பிடிக்கிற கூட்டத்தில் ஃபோகஸைத் திருக நேரம் ஏது? ஆகவே இண்டஸ்டாரையே தேர்ந்தேன்.

பழைய லென்ஸ் வாங்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் இழை தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டவே வேண்டாம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நம்ம டெல்டா ஈரம் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி. டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஃபோகஸ் வளையம் இறுகி நிற்காமல் சீராகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள்.

கார்த்தியே-பிரெசோன் 1970-களில் கேமராவைப் பெரும்பாலும் வைத்துவிட்டு மறுபடி பென்சிலை எடுத்தார். 2004 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, 96 வயது நிறைய மூன்று வாரம்கூட இல்லாத நிலையில் காலமானார்.

வசதி இருந்தும் அவர் பை நிறைய லென்ஸ்களைத் தூக்கிக்கொண்டு அலையவில்லை. தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவர அவர் காலால் நடந்து போனார். நம்ம லேபில் எல்லா மெஷினும் புதுசாக வந்த பிறகுதான் கற்றுக்கொள்வேன் என்று உட்கார்ந்திருந்தால் டிப்ளமோ முடிந்துவிடும், கற்றது ஒன்றும் இருக்காது. இருக்கிற ஒரு கருவியின் எல்லையை முழுதாகத் தெரிந்துகொள்வோம் நண்பர்களே, மிச்ச தூரத்தை நடந்து கடப்போம்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்