கம்மந்தான் கான்சாகிபு

தேனிக்கு வடக்கே, கம்பம் பள்ளத்தாக்கிற்குச் செல்லும் வழியில், வராகநதிக் கரையில் உள்ளது பெரியகுளம். அவ்வூர் மண்ணிலே ஒரு பெருவீரருடைய கால் புதைக்கப்பட்டதெனக் கர்ணபரம்பரைச் செய்தி ஒன்று உண்டு. தலை திருச்சிராப்பள்ளிக்கும் கை பாளையங்கோட்டைக்கும் சென்றனவாம். உடலின் அடக்கவிடம் மதுரைச் சம்மட்டிபுரத்தில் உள்ளது. அவரே யூசுப்கான் என்னும் கம்மந்தான் கான்சாகிபு.

இராமநாதபுரச் சீமையைச் சார்ந்த பனையூரிலே மருதநாயகமாய்ப் பிறந்து, பின்னர் இஸ்லாம் சமயந் தழுவி, கும்பினிப் படையிற் சேர்ந்தார். 1752 முதல் 1754 வரை திருச்சிராப்பள்ளியைச் சுற்றி நிகழ்ந்த போரில், புதுக்கோட்டைக் காட்டுவழியே உணவுப் பொதிகளைப் பகைவர் கையிற் சிக்காது கொண்டுவந்து சேர்த்தார். போர்க்களத்தில் வெட்டி வீழ்த்துவதினும் அரிதன்றோ, பசித்த படைக்கு நெல் சேர்ப்பது! மேஜர் லாரென்சு இவர் திறத்தைக் கண்டு பரிந்துரைக்க, சிப்பாய்கள் அனைவர்க்கும் தலைவராயினார். வீரத்தின் பொருட்டுத் தங்கப் பதக்கமும் பெற்றார்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை வளைத்தபோது, யூசுப்கான் கோட்டைக்குள் இருந்திலர். குதிரை வீரரும் சிப்பாய்களும் சூழ, செங்கற்பட்டிலிருந்த காப்டன் பிரெஸ்டனுடன் கூடி வெளியே திரிந்து, முற்றுகையிட்டோரின் முதுகுப்புறத்தைத் தாக்கினார். ஒருபுறம் துரத்தப்படின் மறுபுறம் தோன்றுவார். தானியமும் மாடும் பிரெஞ்சுப் பாளையத்திற்குச் செல்லாது மறிப்பார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் தோன்றவே லாலி முற்றுகையை விட்டகன்றார். கோட்டை பிழைத்ததற்குக் கப்பல்களே காரணமென்று கூறிவிடுதல் நமக்கு உடன்பாடன்று.

அவ்வாண்டே மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் குத்தகை அவர்பால் வந்தது. குளங்களைச் செப்பனிட்டார்; மீனாட்சியம்மன் கோயிலுக்குரிய மானியத்தை மீட்டளித்தார். ஆயின், பூலித்தேவர் முதலிய பாளையக்காரர்மேற் கும்பினிக்காகப் படைநடத்தியவரும் இவரே. அவர் வாளுக்கு இரையானோர் நம்மவரே என்பதை நாம் மறைத்தல் தகாது.

அவருடைய செல்வாக்கு ஓங்கவே ஆர்க்காட்டு நவாபு முகம்மதலிக்கு அச்சமும் பகையும் மூண்டன. கும்பினியார் நவாபின் பக்கம் நின்றனர். 1763-ஆம் ஆண்டில் மதுரைக் கோட்டை முற்றுகையிடப்பட்டது. மழையினால் கலைந்து மறுஆண்டு மீண்டது. 1764 ஜூனில் நிகழ்ந்த பெருந்தாக்குதலையும் அவர் முறியடித்தார். வெளியே நின்றோர் வெல்ல இயலாததை உள்ளிருந்தோர் முடித்தனர். திவான் சீனிவாசராவும், மார்ச்சந்து என்னும் பிரெஞ்சுக்காரனும் சதிசெய்ய, அக்டோபர் 13-ஆம் நாள் தொழுகையில் இருந்த அவரைக் கட்டிப் பிடித்தனர்.

பதக்கமளித்த கும்பினியார் அவரை நவாபின் கையிலே விட்டுவிட்டனர். அக்டோபர் 15-ஆம் நாள் மதுரைக்கு அருகே அவர் தூக்கிலிடப்பட்டார். இருமுறை கயிறு அறுந்ததென்றும், மீண்டும் எழுந்துவிடுவாரோ என்னும் அச்சத்தினாலேயே உடலைக் கூறாக்கிப் பெரியகுளம்வரை அனுப்பினரென்றும் நாட்டு மக்கள் கூறுவர்.