ஒரே பூட்டு எத்தனை நாள் தாங்கும்? நார்மன் போர்லாக்கைத் துரத்திய துரு நோய்

2005-ல் நார்மன் போர்லாக்குக்கு வயது 91. நோபல் பரிசு வாங்கியே 35 வருஷம் ஆகியிருந்தது. ஓய்வெடுக்க வேண்டிய அந்த வயதில், அவர் உலகக் கோதுமை விஞ்ஞானிகளை உலுக்கி எழுப்பிக் கொண்டிருந்தார். காரணம், 1998-ல் உகாண்டாவில் தென்பட்ட யூஜி99 என்ற தண்டுத் துரு நோய்.

ஸ்கூல் புத்தகத்தில் 'பசுமைப் புரட்சியின் தந்தை' என்று படித்தோமே, அதே போர்லாக்தான். குட்டைக் கோதுமை கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் அடிப்படையில் பயிர் நோய் படித்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

1914-ல் அமெரிக்காவின் அயோவாவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மினசோட்டா பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதலில் ஃபெயில். பிறகு எப்படியோ உள்ளே நுழைந்து வனவியல் படித்தார். அங்கே பேராசிரியர் ஸ்டேக்மன் துரு நோய் பற்றிப் பேசியதைக் கேட்டதும் ரூட் மாறிவிட்டது. 1942-ல் தாவர நோயியலில் டாக்டர் பட்டம், 1944-ல் மெக்சிகோவில் வேலை.

அங்கே துரு நோய் விவசாயிகளைக் கடனாளிகளாக்கி வைத்திருந்தது. சீக்கிரம் புது ரகம் வேண்டும் என்பதற்காக வருஷத்துக்கு இரண்டு போகம் விதைத்தார் போர்லாக். ஒன்று சொனோரா சமவெளியில், இன்னொன்று டொலூகா மலைப் பகுதியில். மேலதிகாரி தடுத்தபோது வேலையையே விடத் துணிந்தார். கடைசியில் ஜெயித்தது அவர்தான். 1940களின் முடிவில் நோய் தாங்கும் ரகங்கள் வயலுக்கு வந்துவிட்டன.

அப்பாடா என்று உட்கார முடிந்ததா? இல்லை. 1950-ல் வட அமெரிக்காவில் 15பி என்ற துரு வகை பரவியது. 1954-ல் அமெரிக்காவின் டியூரம் கோதுமையில் பெரும்பகுதி காலி. மெக்சிகோவிலும் நேற்று வரை நோய் தாங்கிய ரகங்கள் சாய்ந்தன.

ஏன் இப்படி? எதிர்ப்பு மரபணு ஒரு பூட்டு மாதிரி. துருப் பூஞ்சை கோடிக்கணக்கான வித்துகளைக் காற்றில் விடுகிறது. அவற்றில் ஏதோ ஒன்றிடம் சாவி இருந்தால் போதும். லட்சக்கணக்கான ஏக்கரில் ஒரே பூட்டு தொங்கினால், ஒரு சாவி எல்லா வயலையும் திறந்துவிடும்.

போர்லாக் யோசித்த வழி, 'மல்டிலைன்'. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒன்றாக அறுவடைக்கு வரும் பல கோதுமை வரிசைகள். ஆனால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு எதிர்ப்பு மரபணு. இந்த விதைகளைக் கலந்து விதைத்தால், பக்கத்துச் செடிக்குத் தாவும் வித்து பெரும்பாலும் வேறு பூட்டில் முட்டி நின்றுவிடும். கொலம்பியாவில் வெளியான மிராமர் 63 ரகத்தில் இப்படி 10 வரிசைகள். சில வரிசைகள் நோய்க்குப் பணிந்ததும், அவற்றை எடுத்துவிட்டு வேறு சேர்த்தார்கள். மொத்த ரகத்தையும் தூக்கிப் போட வேண்டியிருக்கவில்லை.

நல்ல ஐடியாதான். ஆனால் வேலை அதிகம். பத்து வரிசையும் தயாராவதற்குள், அதைவிட நல்ல விளைச்சல் தரும் புது ரகம் வந்து நிற்கும். அந்தப் புது ரகங்களைக் கொண்டு வந்ததும் போர்லாக்கின் குழுவேதான்! 1966-ல் இந்தியா 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை இறக்குமதி செய்தது. பசி வாட்டிய நேரத்தில் அது தப்பே இல்லை. ஆனால் அவர் குழுவின் கலப்பில் பிறந்த கல்யாண் சோனா வட இந்தியா முழுக்கப் பரவி, பின்னர் இலைத் துருவுக்கு இரையானது. 1970களின் பிற்பகுதியில் இந்திய விஞ்ஞானிகள் அதையே அடிப்படையாக வைத்து மல்டிலைன் ரகங்களை வெளியிட்டார்கள். அவை பெரிதாகப் பரவவில்லை.

யூஜி99-ம் அதே கதைதான். கோதுமைக்கு உறவான 'ரை' தானியத்திலிருந்து வந்த எஸ்ஆர்31 என்ற ஒரே மரபணுவை உலகின் பல கோதுமை ரகங்கள் நம்பியிருந்தன. பூஞ்சை அதை உடைத்துவிட்டது.

இந்த முறை போர்லாக்கோடு நின்ற விஞ்ஞானிகள் ஒரே பூட்டை நம்பவில்லை. ஒரே செடியில் பல மரபணுக்களை அடுக்குவது ஒரு வழி. நோயை அடியோடு தடுக்காமல், அது பரவும் வேகத்தை மட்டும் குறைக்கும் சின்னச் சின்ன மரபணுக்களைச் சேர்ப்பது இன்னொன்று. அதில் முக்கியமான எஸ்ஆர்2, 1950களிலேயே அவருடைய மெக்சிகோ ரகங்களில் இருந்ததுதான்.

2009 செப்டம்பர் 12-ல், 95 வயதில், டல்லாஸில் போர்லாக் இறந்தார். கென்யாவின் நிஜோரோ ஆய்வுப் பண்ணையில் பல நாடுகளின் கோதுமை வரிசைகளைத் துரு நோய்க்கு நடுவே விதைத்து, எது தாங்குகிறது என்று பார்க்கும் வேலை அவருக்குப் பிறகும் தொடர்ந்தது.