கடல் மணலில் மின்சாரம் கண்டவர்

நான் எழுதப்போவது ஹோமி பாபா அவர்களைப் பற்றி.

இவர் 1909 அக்டோபர் 30 அன்று மும்பையில் பிறந்தார். இன்ஜினியராகி ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலையில் வேலை பார்க்கணும் என்பது வீட்டாரின் ஆசை. அதற்காகக் கேம்பிரிட்ஜில் படித்தார். ஆனால் மனசு முழுக்க இயற்பியல்தான். முதல் வகுப்பில் தேறினால் பிடித்ததைப் படிக்கலாம் என்று அப்பா சம்மதித்தார். தேறிக் காட்டினார்!

1939ல் விடுமுறைக்கு வந்தபோது உலகப் போர் தொடங்கிவிட்டது. திரும்பிப் போக முடியவில்லை. பெங்களூரில் சர் சி.வி.ராமன் இருந்த இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். 1945ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1956ல் இந்தியாவின் முதல் அணு உலையான அப்சரா, டிராம்பேயில் இயங்கியது.

நம் நாட்டில் யுரேனியம் குறைவு. ஆனால் கேரளாவிலும் நம்ம மணவாளக்குறிச்சியிலும் கடற்கரை மணலில் தோரியம் இருக்கு. அது நேரடியாக எரிபொருள் ஆகாது. அணு உலைக்குள் வைத்தால்தான் வேறுவகை யுரேனியமாக மாறும். அதனால் பாபா மூன்று கட்டத் திட்டம் போட்டார். முதலில் யுரேனியம், அப்புறம் அதில் கிடைக்கும் புளூட்டோனியம், கடைசியில் தோரியம்.

1966 ஜனவரி 24 அன்று ஆல்ப்ஸ் மலையில் நடந்த விமான விபத்தில் இறந்தார். வயது 56தான். 1996ல் கல்பாக்கத்தில் காமினி என்ற சின்ன ஆராய்ச்சி உலை, தோரியத்திலிருந்து செய்த எரிபொருளில் இயங்கத் தொடங்கியது. ஆனாலும் மூன்றாம் கட்டம் இன்னும் வரவில்லை.

2018 கஜா புயலில் இருட்டில் கிடந்த நமக்குக் கரண்டின் அருமை தெரியும். அணு உலைக்குப் பயப்படுகிறவர்களும் உண்டு. விபத்து வந்தால்? கழிவை எங்கே வைப்பது? இந்தக் கேள்விகளும் நியாயம்தான். அதற்கும் ஆராய்ச்சிதான் பதில் சொல்லணும். அதை கோடியக்கரைப் பிள்ளைகள் நாமும் செய்யலாமே!

– 9ஆம் வகுப்பு மாணவி