ஆடை தந்தவரும் படம் பிடித்தவரும்

மதுரையில் 1904-இல் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேலை நாட்டிய மேதையாக நாடறியும். ஆடை வடிவமைத்தவராக அறிந்தோர் சிலரே. குலப்பெண்கள் ஆடுவது இழிவென்ற நாளில், 1935-இல் அடையாற்றில் மேடையேறினார். 1936-இல் கலாக்ஷேத்திராவைத் தோற்றுவித்தார். 1937-இல் அங்கே தறிகள் ஒலித்தன.

கோயில் சிற்பங்களைக் கூர்ந்து நோக்கி, இத்தாலியத் தையற்கலைஞர் மதாம் கசானின் துணையோடு பரத நாட்டிய ஆடைக்குப் புதுவடிவம் தந்தார். மறைந்துவந்த பழைய சேலைக் கரைகளைப் பட்டில் மீட்டார்.

ஆட்டம் முடிந்தால் அழகும் மறைந்துவிடுமே! அதை நிழற்படங்களில் நிலைநிறுத்தியவர் சி. நாச்சியப்பன், பின்னாளில் கோவிலூர் மடாதிபதியானவர்.

ருக்மிணி தேவி 1986-இல் மறைந்தார். மல்பெரி வளர்க்கும் நம் கிருஷ்ணகிரி மண்ணின் மாணவர்களே, அவர் படத்தைக் காணும்போது நெய்த கையையும், தைத்த கையையும், படம் பிடித்த கண்ணையும் சேர்த்தே வணங்குவோம்!