நடையை உற்று நோக்கிய மருத்துவர்: ழான் மார்ட்டின் ஷார்கோ

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய், பக்கவாதம் போன்ற நரம்பியல் நோய்களால் நடை தளர்ந்து, நிலை தடுமாறும் ஒருவர் உங்கள் இல்லத்தில் இருக்கலாம். அது நீங்களாகவும் இருக்கலாம். அறுவை சிகிச்சையின்றி, தலைக்கு வெளியிலிருந்து மூளையைத் தூண்டி நடையைச் சீராக்கும் சிகிச்சை குறித்து நீங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். அதைப் பெறுவதற்கு முன், இதே நம்பிக்கையுடன் 1892-ஆம் ஆண்டில் ஒரு நாற்காலியை அறிமுகப்படுத்திய பிரெஞ்சு மருத்துவரின் வாழ்க்கையை அறிந்துகொள்வது உங்களுக்குப் பயனளிக்கும்.

வண்டி செய்பவரின் மகன்

ஷார்கோ 1825-ஆம் ஆண்டு நவம்பர் 29 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை குதிரை வண்டிகள் செய்யும் தொழிலாளர். மருத்துவம் பயின்ற ஷார்கோ, 1862-இல் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். ஏழைகளும் முதியோருமான பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கு தங்கியிருந்தனர். தீராத நோயாளிகள் என ஒதுக்கப்பட்டிருந்த அவர்களை அவர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். எவ்வாறு எழுகிறார்கள், நிற்கிறார்கள், நடக்கிறார்கள் என்பதைப் பதிவு செய்தார். இறந்தபின் மூளையையும் தண்டுவடத்தையும் ஆய்ந்து, தம் பதிவுகளோடு ஒப்பிட்டார்.

அதன் பலனை நீங்கள் இன்றும் பெறுகிறீர்கள். ஓய்வில் தோன்றும் நடுக்கத்தையும் செயலின்போது தோன்றும் நடுக்கத்தையும் அவர் பிரித்தறிந்தார். 1817-இல் நடுக்குவாதத்தை விவரித்த ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனின் பெயரை அந்நோய்க்குச் சூட்டப் பரிந்துரைத்தவரும் அவரே. நோயாளிகள் அனைவருக்கும் நடுக்கம் இருப்பதில்லை என்றும், அசைவு மெதுவாவது தசை பலவீனத்தால் அன்று என்றும் அவர் விளக்கினார். உங்கள் பராமரிப்பில் உள்ளவர் மெதுவாக எழுந்தால், அது சோம்பலன்று; நோயின் இயல்பு. 1882-இல் நரம்பு நோய்களுக்கான பேராசிரியர் பதவி அவருக்காகவே உருவாக்கப்பட்டது.

அதிரும் நாற்காலி

நோயை விளக்குவதில் வென்ற ஷார்கோவிடம் அதைக் குணப்படுத்தும் வழி இல்லை. எனவே பல முயற்சிகளை மேற்கொண்டார். தண்டுவடம் பாதிக்கப்பட்டுத் தள்ளாடி நடந்தவர்களை 1889 வாக்கில் வார்ப்பட்டைகளால் சிறிது நேரம் தொங்கவிடும் முறையைக் கையாண்டார். நடை மேம்பட்டதாகப் பலர் கூறினர். ஆயினும் பயன் உறுதிப்படாமலும் ஆபத்து இருந்தமையாலும் அம்முறை கைவிடப்பட்டது.

நீண்ட இரயில் பயணமும் குதிரை வண்டிப் பயணமும் முடிந்து இறங்கும்போது உடல் இலேசாக இருப்பதாக நடுக்குவாத நோயாளிகள் சிலர் அவரிடம் தெரிவித்தனர். அதைப் புறந்தள்ளாமல், அதே அதிர்வைத் தரும் நாற்காலியை அவர் அமைத்தார். அதில் நாள்தோறும் அமர்ந்தவர்கள், நடப்பது எளிதானதாகவும் உறக்கம் சீரானதாகவும் கூறினர். இம்முறையை விரிவாகச் சோதிக்கும் முன்பே, 1893-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று ஷார்கோ காலமானார்.

அந்தச் சோதனை 2012-இல் அமெரிக்காவில் வெளியானது. நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு நாற்காலியில் அதிர்வும் ஒலியும் தரப்பட்டன. மற்றொரு பிரிவினருக்கு ஒலி மட்டுமே தரப்பட்டது. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேற்றம் கண்டனர். நோயாளிகள் உணர்ந்த நலம் பொய்யன்று. குணமாகும் என்ற எதிர்பார்ப்பே நடுக்குவாத நோயாளியின் மூளையில் டோபமைன் சுரப்பைக் கூட்டும் என்பது ஆய்வில் கண்டறியப்பட்டுள்ளது. ஆனால் அந்த நலனுக்கு அதிர்வுதான் காரணம் என்று கூற இயலாது.

இன்றைய மூளைத் தூண்டல்

காந்தப் புலத்தால் மூளையைத் தூண்டும் முறையை 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் குழுவினரும் செய்துகாட்டினர். மின்முனைகளை நெற்றியிலும் தலையிலும் வைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்துவது மற்றொரு முறை. நடுக்குவாதத்திலும் பக்கவாதத்திலும் நடையின் வேகம் சில காலம் கூடியதாகச் சில ஆய்வுகளும், போலித் தூண்டலைவிட வேறுபாடு இல்லை என வேறு சில ஆய்வுகளும் தெரிவிக்கின்றன. இச்சிகிச்சை நோயை நிறுத்துவதாக நிறுவப்படவில்லை. நடைக்கும் சமநிலைக்கும் இது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

• வலிப்பு நோய், தலைக்குள் உலோகப் பொருள், காக்ளியர் கருவி, மூளையில் பொருத்திய தூண்டல் கருவி, பேஸ்மேக்கர் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள்.
• இச்சிகிச்சையை நம்பி மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். நடுக்குவாத மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.
• இயன்முறை மருத்துவரின் நடைப் பயிற்சியைத் தொடருங்கள். தூண்டல் அதற்குத் துணையாகலாம், மாற்றாகாது.
• எத்தனை அமர்வுகள், எவ்வளவு செலவு, பயன் எவ்வளவு காலம் நீடிக்கும், முன்னேற்றம் எவ்வாறு அளக்கப்படும் என்பவற்றைக் கேளுங்கள்.
• வீட்டுப் பயன்பாட்டுக்கென விற்கப்படும் தூண்டல் கருவிகளை மருத்துவரின் ஆலோசனையின்றி வாங்காதீர்கள்.

சிகிச்சைக்கு முன்னும் பின்னும் குறிப்பிட்ட தூரத்தை நடக்க ஆகும் நேரத்தையும், வாரத்தில் எத்தனை முறை விழுந்தார் என்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். நோயாளியின் சொல்லைச் செவிமடுத்ததும், அவர் நடையைப் பொறுமையாகப் பதிவு செய்ததும் ஷார்கோவின் வலிமைகள். அவ்விரண்டையும் நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். அடுத்த முறை அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குச் செல்லும்போது அக்குறிப்பேட்டை உடன் கொண்டு செல்லுங்கள்.